டிராக்டரால் பனி தள்ளுவது: நாட்டுப்புற வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், ஹியூரான் ஏரிக்கும் ஜார்ஜியன் விரிகுடாவுக்கும் பக்கத்தில் இருக்கும் கிரே, புரூஸ் கவுன்டிகளைப் பனி வளையம் என்றே சொல்வார்கள். டொரண்டோ பக்கத்திலிருந்து இங்கே நாலைந்து ஏக்கர் வாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு முதல் குளிர்காலம் வந்ததும் வரிசையாகக் கேள்விகள் எழும். வீட்டிலிருந்து ரோடு வரைக்கும் நீளமான சரளைப் பாதை, ஒரு டிராக்டர், இடைவிடாத பனி. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று என்னிடம் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும். அது பதில்களிலும் தெரியும்.

டொரண்டோவில் இல்லாத அளவுக்கு இங்கே ஏன் இவ்வளவு பனி?

ஏரிதான் காரணம். கோடையெல்லாம் சூடேறிய ஏரித் தண்ணீர் நவம்பர், டிசம்பரிலும் சட்டென்று ஆறிவிடாது. வடமேற்கிலிருந்து கடுங்குளிர்க் காற்று அதன் மேல் வீசும்போது, அடியிலிருந்து வெப்பத்தையும் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு மேலே எழும்புகிறது. கரையைத் தொட்டு மேட்டுநிலத்தில் ஏறியதும் அந்த ஈரம் முழுக்கப் பனியாகக் கொட்டுகிறது. இப்படிப் பனி கொட்டும் பட்டை ரொம்பக் குறுகலானது. உங்கள் வீட்டில் முழங்கால் அளவு விழுந்திருக்கும், பத்து கிலோமீட்டர் தள்ளி வெயில் அடிக்கும். ஓவன் சவுண்ட் வட்டாரத்தில் ஒரு வருடத்தில் சராசரியாக 3 மீட்டருக்கு மேல் பனி விழுகிறது. டொரண்டோவில் அதில் பாதி கூடக் கிடையாது.

அதனால் டொரண்டோ வானிலை அறிக்கையைப் பார்த்து இங்கே திட்டம் போடாதீர்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மண்வாரியோ, பனியை உறிஞ்சி வீசும் ப்ளோயரில் கையால் தள்ளும் சின்ன வகையோ போதாதா?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதை 100 மீட்டர் நீளம், மூன்றரை மீட்டர் அகலம். ஒரே இரவில் 30 செ.மீ. பனி விழுகிறது என்றால் மொத்தம் 105 கன மீட்டர். புதிதாக விழுந்த லேசான பனி கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ இருக்கும். ஆகப் பத்து டன்னுக்கு மேல். அதே 30 செ.மீ. உயரத்துக்குக் கிடப்பது காற்று அடித்து இறுக்கிய பனி என்றால் கன மீட்டருக்கு 300 கிலோவைத் தாண்டும். அப்போது உங்கள் முன்னால் கிடப்பது முப்பது டன்னுக்கு மேல்! காலை ஏழு மணிக்குப் பள்ளிப் பேருந்து வரும், எட்டுக்கு வேலைக்குப் போக வேண்டும். வாசற்படிக்கும் கதவோரத்துக்கும் மண்வாரி போதும். நீண்ட பாதைக்கு எஞ்சின் வேண்டும்.

எந்த அளவு டிராக்டர் வாங்கலாம்?

நூறு, இருநூறு மீட்டர் பாதைக்கு 25 முதல் 40 குதிரைத்திறன் உள்ள சின்ன டீசல் டிராக்டரே தாராளம். குதிரைத்திறனை விட எடைக்கும் நான்கு சக்கர ஓட்டத்துக்கும் முக்கியத்துவம் கொடுங்கள். பனியில் எஞ்சின் மூச்சு வாங்கி நிற்பது அரிது. சக்கரம் பிடிப்பில்லாமல் சுற்றுவதுதான் அன்றாடம் நடப்பது.

கியர் விஷயத்தில் என் ஓட்டு ஹைட்ரோஸ்டாட்டிக்குக்கு. காலால் மிதித்தே முன்னும் பின்னும் போகலாம், கிளட்ச் வேலை இல்லை. பனி தள்ளும்போது அரை மணி நேரத்தில் எத்தனை தடவை திசை மாற்றுவீர்கள் என்று எண்ணவே முடியாது. உழவுக்குக் கியர் வண்டி நன்றாக இருக்கலாம். இந்த வேலைக்கு ஹைட்ரோஸ்டாட்டிக்தான் சுகம்.

ஊரில் டிராக்டர் ஓட்டியிருக்கிறேன். அந்தப் பழக்கம் இங்கே உதவுமா?

நன்றாகவே உதவும். ரோட்டவேட்டரையும் மட்டப்பலகையையும் மாட்டிக் கழற்றிய கைக்கு இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. பின்னால் கருவிகளை மாட்டித் தூக்கும் மூன்று புள்ளி லிங்கேஜ் அதேதான், எஞ்சின் விசையை அந்தக் கருவிக்குக் கொடுக்கும் சுழல் தண்டான, நிமிடத்துக்கு 540 சுற்று பிடிஓவும் அதேதான். இதில் ஒரு தொடர்பும் இருக்கிறது. அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசன் உருவாக்கிய ஹைட்ராலிக் லிங்கேஜ், 1939-ல் ஃபோர்டு-ஃபெர்குசன் 9என் டிராக்டரில் வந்து பரவலானது. 1953-ல் அவருடைய நிறுவனம் டொரண்டோவின் மாஸி-ஹாரிஸோடு இணைந்தது, அதுவே பிற்பாடு மாஸி ஃபெர்குசன் ஆனது. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே தயாரித்ததும் அந்த மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களைத்தான். தஞ்சாவூர் வயலில் சேறு கலக்கிய அதே லிங்கேஜ் அமைப்புதான் இங்கே பனி தள்ளும் இரும்புத் தகடான பிளேடைத் தூக்கி இறக்குகிறது.

மாறுவது தரையின் குணம். சேற்றில் சக்கரம் புதையும், பனிக்கட்டியில் வழுக்கும். புதைந்தால் வண்டி நிற்கும். வழுக்கினால் பக்கவாட்டில் போகும், அதுவும் சத்தமே இல்லாமல். முதல் சில நாட்கள் வேகத்தைக் குறைத்து, பிரேக்கை நம்பாமல், முன்னால் இருக்கும் லோடர் பக்கெட்டைத் தரையோடு வைத்து ஓட்டிப் பழகுங்கள்.

பக்கெட்டா, பிளேடா, ப்ளோயரா?

முன்னால் லோடர் பக்கெட் இருந்தால் அதை வைத்தே ஒரு குளிர்காலத்தைச் சமாளித்துவிடலாம். ஆனால் பக்கெட் நேராகத்தான் தள்ளும், பனியை ஓரமாக ஒதுக்காது. கொஞ்ச தூரம் போனதும் நிரம்பி இருபக்கமும் வழியும். அள்ளிக் கொண்டுபோய்க் குவிக்கவும், இறுகிய மேட்டை உடைக்கவும் அதை மிஞ்ச ஆள் இல்லை.

பின்பக்க பிளேடு விலை குறைவு, உடைவதற்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. கோணம் மாற்றி வைத்தால் பனி உருண்டு ஓரத்துக்குப் போகும். அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக விழும் பனிக்கு இதுதான் வேகம். குறை என்னவென்றால் ஒதுக்கிய பனி அங்கேயே ஓரத்தில் நிற்கும். ஜனவரி பாதியில் இருபக்கமும் மேடு உயர்ந்து பாதை குறுகத் தொடங்கிவிடும்.

அந்த நிலைக்கு ப்ளோயர்தான் மருந்து. பனியைச் சுருட்டி இழுத்து, விசிறியால் பத்து மீட்டருக்கு அப்பால்கூட வீசிவிடும். ஓரத்தில் மேடே சேராது. அடிக்கு 5 குதிரைத்திறன் பிடிஓவில் வேண்டும் என்பது பொதுக்கணக்கு. ஐந்தடி ப்ளோயருக்கு 25, ஆறடிக்கு 30. டிராக்டரின் சக்கர அகலத்தை விட ப்ளோயர் அகலமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சொந்தச் சக்கரமே பனியை மிதித்து இறுக்கிவிடும்.

பின்பக்க ப்ளோயர் என்றால் பின்னோக்கிப் போய்க்கொண்டே கழுத்தைத் திருப்பி உட்கார வேண்டும். ஒரு மணி நேரம் போனால் கழுத்து பேசும். கியூபெக் பக்கம் விவசாயிகள் பலர் இழுத்துச் செல்லும் வகையை வைத்திருக்கிறார்கள். அதில் முன்னோக்கி ஓட்டிக்கொண்டே பின்னால் பனியை எடுக்கலாம். முன்பக்க ப்ளோயர் எல்லாவற்றிலும் வசதி, விலையும் அதற்கேற்ப.

பனியைச் சுழற்றி வீசும் யோசனையே இந்த நாட்டில் பிறந்ததுதான். டொரண்டோவைச் சேர்ந்த பல் மருத்துவர் ஜே. டபிள்யூ. எலியட் 1869-ல் ரயில் பாதைக்காக ஒரு சுழல் கலப்பையை வடிவமைத்தார். இங்கிருந்து தெற்கே உள்ள ஆரஞ்ச்வில்லைச் சேர்ந்த ஆரஞ்ச் ஜல் என்பவர் 1880-களில் அதை மேம்படுத்தினார். சாலையில் ஓடும் ப்ளோயரை கியூபெக்கின் ஆர்தர் சிகார்ட் 1925-ல் உருவாக்கினார்.

என்னைக் கேட்டால் முன்னால் பக்கெட், பின்னால் ப்ளோயர். கையில் பணம் குறைவாக இருந்தால் ப்ளோயருக்குப் பதில் பிளேடு. பிளேடை வாங்கினால் கனமானதாகப் பாருங்கள். லேசான பிளேடு இறுகிய பனிமேல் ஏறி வழுக்கிக்கொண்டே போகும்.

டயர், சங்கிலி, எடை?

முன்னால் பக்கெட்டில் பாரம் ஏறினால் பின்சக்கரம் தூக்கும், பிடிப்பு போய்விடும். பின்னால் ப்ளோயரோ கனமான பிளேடோ மாட்டியிருப்பதே பாதி எடையைச் சமன் செய்துவிடும். பின் டயர்களில் திரவம் நிரப்புவது இங்கே பழைய வழக்கம். முன்பு கால்சியம் குளோரைடு கரைசல் நிரப்புவார்கள், அது கசிந்தால் ரிம்மை அரிக்கும். இப்போது சர்க்கரை பீட் கிழங்குச் சாற்றிலிருந்து எடுக்கும் உறையாத திரவம் கிடைக்கிறது. வெறும் தண்ணீர் நிரப்பினால் உள்ளேயே உறைந்து கல்லாகிவிடும்.

மேடு பள்ளமான பாதை என்றால் பின்சக்கரங்களுக்குச் சங்கிலி கட்டாயம். தார் போட்ட பாதையில் சங்கிலி கீறும், சரளையில் அந்தக் கவலை இல்லை. சங்கிலிக்கும் மட்கார்டுக்கும் நடுவே இடம் இருக்கிறதா என்று கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

பனி விழும் முன்பு என்னென்ன செய்ய வேண்டும்?

அக்டோபர் கடைசியில் பாதை நெடுக நடந்து பாருங்கள். ஓரங்களில் ஆளுயரக் குச்சிகளை நட்டு, நுனியில் பளிச்சென்ற ரிப்பன் கட்டுங்கள். தரை உறைந்த பிறகு குச்சி இறங்காது. வளைவுகளில் நெருக்கமாக, நேரான இடத்தில் தள்ளித்தள்ளி. பாதைக்கு அடியில் தண்ணீர் போகும் குழாயான கல்வெர்ட்டின் இரண்டு வாய்க்கும் தனியாக ஒரு குச்சி. கிணற்று மூடி, புரோப்பேன் தொட்டி, தோட்டத்துக் குழாய், தரையோடு இருக்கும் பாறை எல்லாவற்றுக்கும் அடையாளம் வேண்டும். பனி மூடிய பிறகு உங்கள் சொந்த நிலமே உங்களுக்கு அடையாளம் தெரியாது.

கழிவுநீர்த் தொட்டியும் அதன் வடிகால் பரப்பும் எங்கே இருக்கின்றன என்பதையும் குறித்து வையுங்கள். அதன்மேல் டிராக்டரை ஏற்றக் கூடாது, அங்கே கிடக்கும் பனியையும் எடுக்கக் கூடாது. லேசான பனி ஒரு போர்வை. அதை எடுத்தாலோ மிதித்து இறுக்கினாலோ குளிர் ஆழமாக இறங்கிக் குழாய் உறைந்துவிடும். பிப்ரவரியில் உறைந்த கழிவுநீர்க் குழாயைச் சரிசெய்வது போல ஒரு துன்பம் வேறில்லை.

முதல் பனி விழுந்ததும் சுத்தமாகத் தரை தெரியும் வரை வழிக்கலாமா?

வேண்டாம். சரளைப் பாதையில் முதல் இரண்டு, மூன்று தடவை தரையைத் தொடவே தொடாதீர்கள். தரை இன்னும் உறையாமல் இளகியிருக்கும். பிளேடு சரளையையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்ப் புல்லில் கொட்டிவிடும். இரண்டு மூன்று செ.மீ. பனியை விட்டுவையுங்கள், வண்டி ஏறி இறங்கி இறுகி உறையட்டும். அந்தக் கெட்டி அடுக்குதான் மார்ச் வரை உங்கள் தளம். பிளேடுக்கும் ப்ளோயருக்கும் அடியில் தரையில் உரசிப் போகும் இரும்புத் தட்டுகளான சறுக்குக் காலணிகளைக் கொஞ்சம் இறக்கிவைத்தால் இந்த உயரம் தானாக நிற்கும். சிலர் பிளேடைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டுவார்கள். அப்போது அது கீறாமல் தடவிக்கொண்டு போகும். தரை நன்றாக உறைந்த பிறகு நேராகத் திருப்பிக்கொள்ளலாம்.

எப்படித் தள்ள வேண்டும்? எங்கிருந்து தொடங்குவது?

இந்த வேலையில் தலையான கேள்வி, பனியை எங்கே வைக்கப் போகிறோம் என்பது. எடுத்த பனி எங்கேயும் மறைந்துவிடாது. ஏப்ரல் வரை உங்களோடுதான் இருக்கும். டிசம்பரில் யோசிக்காமல் குவித்த மேடு, பிப்ரவரியில் உங்களுக்கு வழி விடாது.

சீசன் தொடக்கத்திலேயே ஓரங்களைத் தேவைக்கு மேல் அகலமாகத் தள்ளிவிடுங்கள். பாதை மூன்றரை மீட்டர் என்றால் முதல் பனியிலேயே ஐந்து மீட்டர் திறந்து வையுங்கள். மேடு ஒருமுறை உறைந்தால் பிறகு நகர்த்துவது பெரும்பாடு. ஒவ்வொரு பனிக்கும் பாதை இருபக்கமும் கொஞ்சம் குறுகிக்கொண்டேதான் வரும். அதற்கு முன்கூட்டியே இடம் விட்டிருக்க வேண்டும்.

காற்று வரும் பக்கத்தில் மேடு வைக்காதீர்கள். அந்த மேட்டைத் தாண்டி வரும் காற்று வேகம் குறைந்து, சுமந்து வந்த பனியை நேராகப் பாதையிலேயே இறக்கிவிடும். இங்கே பெரும்பாலும் மேற்கு, வடமேற்குக் காற்று. எனவே கிழக்குப் பக்கம், தெற்குப் பக்கம் தள்ளுங்கள். ப்ளோயர் வைத்திருந்தாலும் இதே கணக்கு. காற்றுக்கு எதிரே வீசினால் பாதிப் பனி உங்கள் முகத்துக்கே திரும்பி வரும்.

சரளைப் பாதையை நாலைந்து சாலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் சால் நடுவில், பிளேடு கோணம் வெளிப்பக்கம். அப்புறம் ஒவ்வொரு சாலும் முந்தைய சாலின் விளிம்பில் ஒரு அடி ஏறி நிற்க வேண்டும். வரப்பு போல நடுவில் பனி தங்கவிடாதீர்கள், அது உறைந்து அடுத்த நாள் ஸ்டியரிங்கைப் பிடுங்கும். வீட்டு வாசலிலும் கராஜ் கதவு முன்பும் பக்கெட்டைக் கதவோரம் இறக்கிப் பின்னோக்கி இழுத்து வெளியே கொண்டுவந்து, பிறகு திரும்பித் தள்ளுங்கள். சுவரை நோக்கித் தள்ளும் பழக்கமே வேண்டாம்.

கனத்த பனி நாளில் விழுந்து முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 15 செ.மீ. ஆனதும் ஒரு தடவை, நின்றதும் ஒரு தடவை. வேலை கூடும் போலத் தெரியும். உண்மையில் டிராக்டருக்கும் உங்களுக்கும் சிரமம் குறையும்.

பனியே விழாத நாளிலும் பாதை மூடிவிடுகிறதே?

காற்றடி பனி. திறந்த வயல்வெளிக்கு நடுவே போகும் பாதைக்குப் பெரும் எதிரி இதுதான். மேலிருந்து விழும் பனியை விட, வயலிலிருந்து தரையோடு தரையாகப் பறந்து வருவது அதிகம். 1977 ஜனவரிக் கடைசியில் நயாகரா பகுதியையும் பஃபலோவையும் முடக்கிய புயலில் அப்படித்தான் நடந்தது. உறைந்து கிடந்த ஈரி ஏரியின் மேல் வாரக்கணக்கில் சேர்ந்திருந்த பனியைக் காற்று வாரிக் கரையில் கொட்டியது. 2010 டிசம்பரில் சார்னியாவுக்கு அருகே 402-ஆம் நெடுஞ்சாலையில் 300-க்கும் மேற்பட்டவர்கள் வண்டிகளோடு சிக்கி, ராணுவ ஹெலிகாப்டர்கள் வந்து மீட்டதும் பனியும் காற்றும் சேர்ந்த கூத்தில்தான்.

இதற்கு டிராக்டர் மட்டும் போதாது, வேலி வேண்டும். பாதையின் காற்று வரும் பக்கத்தில், பாதியளவு இடைவெளி உள்ள பனிவேலி. இடைவெளி முக்கியம். முழுச் சுவர் போல அடைத்தால் பனி வேலியோரத்திலேயே குவிந்து சீக்கிரம் நிரம்பிவிடும். இடைவெளி இருந்தால் காற்று ஊடுருவி மெல்லத் தளர்ந்து, வேலிக்குப் பின்னால் நீளமாகப் பனியை இறக்கும். அந்தக் குவியல் வேலி உயரத்தைப் போல 35 மடங்கு தூரம் வரை நீளும் என்பதால், 1.2 மீட்டர் வேலியைப் பாதையிலிருந்து சுமார் 40 மீட்டர் தள்ளி நட வேண்டும். பாதைக்குப் பக்கத்திலேயே வேலி போட்டுவிட்டு, முன்பை விட அதிகம் சேருகிறதே என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தூரம்தான் அதன் உயிர்.

நிலம் உங்களுடையது என்றால் ஸ்ப்ரூஸ், சீடார் மரங்களை வரிசையாக நட்டுவிடுங்கள். வளரப் பல வருடம் ஆகும், ஆனால் வருடாவருடம் வேலி நட்டுப் பிடுங்கும் வேலை இராது. பக்கத்து வயல்காரர் மக்காச்சோளம் போடுகிறவர் என்றால், பாதையோரமாகச் சில வரிசைத் தட்டையை அறுக்காமல் விடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அதுவும் நல்ல வேலி.

ரோட்டோரத்தில் டவுன்ஷிப்பின் (உள்ளூராட்சியின்) பனிவண்டி பனியைக் குவித்துவிட்டுப் போகிறது. என்ன செய்ய?

எல்லோருடைய மனக்குறையும் இதுதான். ஒரு வழி இருக்கிறது. உங்கள் பாதையில் ரோட்டைப் பார்த்து நின்றால் பனிவண்டி உங்கள் இடப்பக்கத்திலிருந்து வரும். பாதை வாய்க்கு முன்பாகவே, இடப்பக்க ரோட்டோரத்தில் சில மீட்டர் நீளத்துக்குப் பனியை எடுத்து ஒரு பள்ளம் போல வைத்துவிடுங்கள். வண்டியின் பிளேடு சுமந்துவரும் பனி முதலில் அதில் விழுந்துவிடும், உங்கள் வாசலுக்கு வருவது குறையும். முழுக்க நிற்காது. மீதியை உறைவதற்குள் எடுத்துவிடுங்கள். உப்பும் சேறும் கலந்த அந்தப் பனி ஒரு இரவு கிடந்தால் கான்கிரீட்தான்.

எடுத்ததை ரோட்டின் மேல் தள்ளக் கூடாது, எதிர்ப்பக்கம் கொண்டுபோய்க் குவிக்கவும் கூடாது. எழுத்துமூல அனுமதி இல்லாமல் சாலையில் பனி போடுவதை ஒண்டாரியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 181-ஆம் பிரிவு தடை செய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், இருட்டில் வரும் ஒருவருடைய வண்டி அந்தக் குவியலில் ஏறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பாதை வாயின் இருபக்கமும் மேடு உயராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே திரும்பும்போது வருகிற வண்டி கண்ணுக்குத் தெரிய வேண்டும். டிராக்டரோடு ரோட்டில் ஏறுவதாக இருந்தால் பின்னால் மெதுவண்டி என்பதற்கான ஆரஞ்சு முக்கோணம் இருக்க வேண்டும்.

காலையில் டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லை.

டீசலில் மெழுகு இருக்கிறது, கடுங்குளிரில் அது திரண்டு ஃபில்டரை அடைக்கும். கோடையில் வாங்கிய டீசலைக் குளிர்காலத்துக்கு மிச்சம் வைக்காதீர்கள். நவம்பரிலேயே குளிர்கால டீசல் நிரப்பி, உறைவுத் தடுப்பு மருந்தும் சேருங்கள். மருந்தை உறைவதற்கு முன்பு ஊற்ற வேண்டும், உறைந்த பிறகு ஊற்றிப் பயனில்லை. டேங்கை நிரப்பியே வைத்தால் உள்ளே ஈரம் படியாது. எஞ்சின் பிளாக் ஹீட்டரை இரண்டு மூன்று மணி நேரம் முன்பே மின்சாரத்தில் மாட்டுங்கள், டைமர் இருந்தால் தூங்கி எழும்போது எஞ்சின் சூடாக இருக்கும்.

ஸ்டார்ட் ஆனதும் கிளம்பிவிடாதீர்கள். ஹைட்ராலிக் எண்ணெய் தேன் மாதிரி இருக்கும். நடுத்தர வேகத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, லோடரை மெல்ல ஏற்றி இறக்குங்கள். ஷெட் கதவு திறந்திருக்கட்டும். மூடிய ஷெட்டில் ஓடும் எஞ்சின் ஆளைக் கொல்லும்.

ப்ளோயர் சுற்றுகிறது, பனி வெளியே வரவில்லை.

ஷியர் போல்ட் போயிருக்கும். கல்லோ, உறைந்த செய்தித்தாள் கட்டோ, வைக்கோல் கட்டின் கயிறோ சிக்கும்போது கியர்பாக்ஸ் உடையாமல் இருக்கத் தன்னைக் கொடுத்துக்கொள்ளும் மெல்லிய போல்ட் அது. பிடிஓவை நிறுத்துங்கள், எஞ்சினை நிறுத்துங்கள், சாவியைப் பையில் போடுங்கள், எல்லாம் அசையாமல் நிற்கும் வரை காத்திருங்கள். அதற்கு முன்பு கிட்டே போகாதீர்கள்.

பிறகு சிக்கியதை எடுத்துவிட்டு, பனியைச் சுருட்டி இழுக்கும் திருகான ஆகரைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இரண்டு துளைகளையும் நேர்ப்படுத்த வேண்டும். உடைந்த துண்டு உள்ளேயே நிற்கும். சின்ன ஆணித்தண்டு ஒன்றை வைத்துச் சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டினால் மறுபக்கம் விழும். கையுறை போட்டுக்கொண்டு நட்டைப் பிடிக்க முடியாது, கழற்றினால் விரல் மரத்துப்போகும். அதனால் புதிய போல்ட்டில் நட்டை ஒருமுறை வீட்டுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்து, எளிதாக ஏறுகிறதா என்று உறுதி செய்து, நாலைந்து ஜோடியைக் கருவிப்பெட்டியில் போட்டுவையுங்கள். அவசரத்துக்குக் கடினமான சாதாரண போல்ட்டை மாட்டாதீர்கள். அடுத்த கல்லுக்கு போல்ட் உடையாது, கியர்பாக்ஸ் உடையும்.

இதில் ஆபத்து எவ்வளவு?

மூன்று விஷயங்கள் எனக்கு எப்போதும் கவலை. முதலாவது, அடைத்துக்கொண்ட ப்ளோயர் வாயில் கை விடுவது. எஞ்சின் நின்றாலும் உள்ளே இறுகிய விசை மிச்சம் இருக்கலாம், அடைப்பு விலகியதும் விசிறி ஒரு பாதிச் சுற்றுச் சுற்றும். கட்டையால் மட்டும் குத்தி எடுங்கள். இரண்டாவது, ஓரத்துச் சாக்கடைப் பள்ளம். பனி சமமாக நிரம்பியிருப்பதால் தரை போலவே தெரியும், சக்கரம் இறங்கியதும் வண்டி சாயும். வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புச் சட்டகம் நிமிர்ந்திருக்க வேண்டும், சீட் பெல்ட் போட்டிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

மூன்றாவது குழந்தைகள். நீங்கள் குவித்த மேட்டில் அவர்கள் குகை தோண்டுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஆள் இருப்பது தெரியாது. டிராக்டர் சத்தம் கேட்டால் எல்லாக் குழந்தைகளும் வீட்டு ஜன்னலுக்கு வந்து முகம் காட்ட வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். முகம் தெரிந்த பிறகே மேட்டின் பக்கம் போங்கள்.

காசு கொடுத்தால் ஆள் வந்து தள்ளிவிட்டுப் போவாரே. நாமே ஏன் குளிரில் கிடக்க வேண்டும்?

வயதானவர்களும் உடம்பு முடியாதவர்களும் ஆள் வைத்துக்கொள்வதே நல்லது. பெரும்புயல் நாளில் அவர் எப்போது வருவார் என்பது மட்டும் உங்கள் கையில் இல்லை. ஆம்புலன்ஸ் வர வேண்டிய இரவில் பாதை திறந்திருப்பது பெரிய விஷயம்.

ஆனால் என் உண்மையான பதில் வேறு. இந்த வேலையில் அப்படி ஓர் இன்பம் இருக்கிறது.

விடியலுக்கு முன்பு கிளம்புவீர்கள். விளக்கு வெளிச்சத்தில் பாதை இருந்த சுவடே இல்லை, இருபக்கக் குச்சிகளின் ரிப்பன் மட்டும் ஆடும். பிளேடை இறக்கியதும் எஞ்சின் சத்தம் ஒரு படி கனக்கும். அந்தக் கனத்தை வைத்தே எவ்வளவு பனி சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பனி பிளேடில் சுருண்டு ஏறி, உடையாமல் ஓரத்தில் போய்ப் படுக்கும். ஈரப்பனி என்றால் துண்டு துண்டாகப் புரளும், கடுங்குளிர்ப் பனி என்றால் மாவாகப் பறக்கும். மைனஸ் இருபதில் சக்கரத்துக்கு அடியில் பனி கிறீச்சிடும். ஒவ்வொரு நாளும் பனி வேறு, அதற்கேற்ப உங்கள் கையும் மாறும். எவ்வளவு கோணம், எவ்வளவு வேகம், எப்போது பிளேடை ஒரு விரல்கடை தூக்குவது என்று கை தானாக முடிவெடுக்கத் தொடங்கும் நாளில் இந்த வேலை உங்களுடையதாகிவிடும்.

அதோடு, நிலம் பழகும். எந்த மூலையில் காற்று சுழல்கிறது, எந்தக் கொட்டகை நிழலில் பனி இறுகுகிறது, எங்கே நரி இரவில் பாதையைக் கடக்கிறது என்பதெல்லாம் குளிர்காலத்தில் டிராக்டர் இருக்கையிலிருந்து பார்த்தால்தான் தெரியும். அந்த அறிவை வைத்துத்தான் மரம் எங்கே நடுவது, ஷெட் வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்று பிறகு முடிவு செய்வீர்கள். திரும்பி வரும்போது, ஒரு மணி நேரத்துக்கு முன்பு வெறும் வெள்ளை வெளியாக இருந்த இடத்தில் நேர்விளிம்போடு ஒரு பாதை கிடக்கும். அதை உண்டாக்கியது நீங்கள். அலுவலக வேலையில் இவ்வளவு தெளிவாகத் தொடக்கமும் முடிவும் கண்ணால் காண எனக்குக் கிடைத்ததில்லை.

பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பெரியவருடைய பாதையையும் அப்படியே திறந்துவிட்டு வருவேன், பத்து நிமிட வேலை. இந்தப் பக்கத்தில் டிராக்டர் வைத்திருப்பவர்கள் அதைச் சொல்லாமலே செய்வார்கள்.

பாதை கண்ணாடிபோல உறைந்துவிட்டால் உப்பு போடலாமா?

சரளைக்கு உப்பு ஒத்துவராது. உருகிய தண்ணீர் அடியில் இறங்கித் தளத்தை இளக்கும், கிணற்றுப் பக்கம் போனால் தண்ணீரும் கெடும். மைனஸ் பத்துக்குக் கீழே சாதாரண உப்பு பெரிதாக வேலையும் செய்யாது. கரடுமுரடான மணலைத் தூவுங்கள். விறகடுப்பு வைத்திருந்தால் ஆறிய சாம்பலும் பிடிப்புக் கொடுக்கும்.

சீசன் முடிந்ததும் என்ன வேலை?

மார்ச் பனி உருகத் தொடங்கும் முன்பே கல்வெர்ட்டின் இரண்டு வாயையும் பக்கெட்டால் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் உருகும் தண்ணீர் பாதையின் மேலேயே ஓடிச் சரளையை அரித்துக்கொண்டு போகும். தரை இளகியதும் டிராக்டரைப் பாதையில் ஓட்டாமல் இரண்டு வாரம் பொறுங்கள், சக்கரத் தடம் ஆழமாகப் பதிந்துவிடும். காய்ந்த பிறகு புல்லில் சிதறிய சரளையை வாரிப் பாதைக்கே திருப்பிப் போடுங்கள்.

ப்ளோயரைத் தண்ணீர் அடித்துக் கழுவி, உப்பு போன பிறகு காயவிட்டு, எல்லா கிரீஸ் முனைகளிலும் புதிய கிரீஸ் ஏற்றுங்கள். பெயின்ட் உரிந்த இடத்தில் எண்ணெய் தடவுங்கள். கியர்பாக்ஸ் எண்ணெயைத் திறந்து பாருங்கள், பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம், அப்போதே மாற்றிவிடுங்கள். சங்கிலியைத் தரையில் போடாமல் ஆணியில் தொங்கவிடுங்கள். ஷியர் போல்ட் எத்தனை மிச்சம் என்று எண்ணி, அடுத்த நவம்பருக்கு வேண்டியதை இப்போதே வாங்கி வையுங்கள். முதல் புயலன்று கடையில் அது கிடைக்காது.